நாலு விரல் உயரம்

போன மாதம் உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பழைய கதிரைகளும் மேசைகளுமாக வாங்கி நிரப்பியிருந்தார்கள். எது நல்ல மரம், எது சாயம் பூசிய மரம் என்று பார்த்துச் சொல்லவேண்டுமாம். பார்த்துச் சொன்னேன். பாதிக்கு மேல் சாயம்தான். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவனும் இருப்பான். விடுதிக்காரர் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி, இது எத்தனை வருடப் பழசு என்று கேட்டுக்கொண்டே வந்தார். எந்த வீட்டுச் சாமான் என்று ஒன்றுக்குக்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டபோது, கொழும்பிலிருந்து லொறியில் வந்தது என்றார். லொறியில் ஏறுவதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொன்னேன். "முதலாளி போய்ச் சேர்ந்தாலும் அவற்ற வாயை உங்களிட்ட விட்டிட்டுப் போயிட்டார்" என்றாள். அது உண்மைதான். அந்த வாயைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் பாலையூற்றுக்காரன். தச்சு வேலை பழகி, துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் கொஞ்சக் காலம் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். பிறகு துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த ஒரு பழைய சாமான் கடையில் சேர்ந்தேன். கை நடுங்கி வேலையை விடும்வரை அங்கேதான் இருந்தேன். கடை என்று சொன்னாலும் அது தகரக் கூரை போட்ட பெரிய வளவு. இடித்த வீட்டுக் கதவுகள், கழித்த கப்பலின் அறைச் சாமான்கள், ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் விற்ற கட்டில்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். வாங்குகிறது முதலாளி, திருத்துகிறது நான்.

முதலாளி கிண்ணியாவைச் சேர்ந்தவர். ஊரெல்லாம் அவரை ஹாஜியார் என்றது. பாலம் கட்டாத காலத்தில் தினமும் படகில் துறை கடந்து வருவார். பாலம் வந்த பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தார். யோசிக்கிறதுக்கு இருந்த நேரத்தையும் பாலம் எடுத்துப்போட்டுது என்று கொஞ்ச நாள் குறைப்பட்டுக்கொண்டார்.

அவர் சாமான் பார்க்கிற விதம் தனி. மேசையின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதலில் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். கதிரை என்றால் அதில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி முழுவதும் குடிப்பார். குடித்து முடிக்குமுன் கதிரை முனகினால் வாங்கமாட்டார். மேசைக்கு லாச்சி இருந்தால் அதை இழுத்து மூக்கை உள்ளே விடுவார். இவையெல்லாம் முடிந்த பிறகு, இது யார் வீட்டுச் சாமான், ஏன் போகிறது என்று கேட்பார். யுத்த காலத்தில், ஆளில்லாத வீடுகளிலிருந்து எத்தனையோ சாமான்கள் உழவு இயந்திரத்தில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தன. கேள்விக்கு விடை வராவிட்டால், கொண்டுவந்தவனுக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தச் சாமான் அன்றைக்கே நாலு கடை தள்ளி விலைபோய்விடும். மற்றக் கடைக்காரருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

விற்கும்போதும் அப்படித்தான். இது மூதூர்க் கட்டில், இது நிலாவெளி வாங்குப் பலகை என்று, வந்த இடத்தைச் சொல்லித்தான் கொடுப்பார். வாங்குகிறவர்களுக்கு அது ஒன்றும் முக்கியமில்லை. ஒருநாள் ஏன் இந்த வீண் வேலை என்று நானே கேட்டேன்.

"நாளைக்கு ஒரு மனுசன் தன்ட வீட்டுக் கதிரையை வேற வீட்டில கண்டா, வந்து கேக்கிறதுக்கு ஒரு வாசல் இருக்கணும், அந்தோனி" என்றார். "அந்த வாசல் நம்மட கடையா இருக்கட்டும்."

சல்லிக் கிராமத்தில் ஒரு மேசை வாங்கப் போனது நினைவிருக்கிறது. அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் இங்கால் ஒரு மீன்காரர் வீடு. மகன் வெளிநாட்டில் உழைத்து இரும்புச் சாப்பாட்டு மேசை அனுப்பியிருந்தான். பழைய முதிரை மர மேசைக்கு இடமில்லை. அந்த வீட்டு அம்மா, தன் காலத்தில் அந்த மேசைமேல் ஒருநாளும் மீன் வைத்ததில்லை என்று அடித்துச் சொன்னார். முதலாளி லாச்சியை இழுத்து முகர்ந்தார். "ஓம் அம்மா, மேல வைக்கல்லதான். கருவாட்டை உள்ளுக்கு வைச்சிருக்கிறீங்க" என்றார். அந்த அம்மா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேசையை வாங்கி வந்தோம். கால் நுனி நாலும் உப்பு ஈரத்தில் கறுத்து உளுத்திருந்தன. பழைய சாமான் எது வந்தாலும் நான் முதலில் செய்வது கால் நுனியை ஒரு விரல் அளவு அறுத்து, நாலு காலையும் மட்டம் பார்ப்பதுதான். எங்கள் கடையில் அது சட்டம். உளுத்த காலோடு சாமான் போனால் மூன்று மாரியில் திரும்பி வந்துவிடும்.

அந்த மேசை கடையில் கிடந்த காலத்தில்தான் சுகந்தி வந்தார். நோர்வேயில் இருக்கிறவர், அப்போது ஐம்பது வயதிருக்கும். தகப்பன் தம்பலகாமத்தில் குளங்கள், வாய்க்கால்கள் பார்த்த ஓவசியர். யுத்தத்தில் வீட்டை விட்டு வந்தவர். திரும்பிப் போகலாம் என்ற காலம் வந்தபோது சுவரும் கூரையும் மட்டும் நின்றன. கதவு, யன்னலிலிருந்து குசினிப் பலகை வரை உள்ளே ஒன்றுமில்லை. அதற்குள் அவருடைய மனைவியும் இறந்துவிட்டார்; சீனி வருத்தம் இவருடைய இரண்டு கண்ணையும் எடுத்துவிட்டது. நகரத்தில் ஒரு உறவினர் வீட்டு அறையில் இருந்தார். தன் வீட்டுக்கே போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அந்த வீட்டில் தனக்குக் கண் தேவையில்லை என்றாராம்.

மகள் நல்ல பிள்ளை; ஆனால் பயந்த பிள்ளை. ஒரு முடிவோடு வந்திருந்தார். வீட்டைப் பழையபடி ஆக்கி, தகப்பனைக் கொண்டுபோய் விடுவது. அவர் யாருடைய கையும் பிடிக்காமல் நடமாடினால் அங்கேயே இருக்கலாம். சமைத்துக் கொடுக்க அயல்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். நடமாட முடியாவிட்டால் நோர்வேக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அங்கே போனால் அவர் ஒரு கதிரையில் இருந்து யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே செத்துப்போவார் என்று, மறைக்காமல் மகளே சொன்னார்.

உறவினர் ஒருவரிடம் தப்பியிருந்த ஒரு படத்தைக் கொண்டு வந்தார். வீட்டு மண்டபத்தில் எல்லோரும் இருந்து எடுத்த படம். முன்னால் பிள்ளைகள் நிலத்தில் இருக்கிறார்கள். பின்னால் மேசை, சாய்மனைக் கதிரை, அலுமாரி. எது எங்கே இருந்தது என்பது அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடதாசியில் கீறியே காட்டினார். பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று முதலாளி சொன்னார். சுகந்தி சம்மதிக்கவில்லை. தகப்பனுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லையாம். பழைய சாமான்களே திரும்பக் கிடைத்துவிட்டன என்று அவர் நினைக்கட்டுமாம்.

கோபம் வந்தால் முதலாளிக்குச் சத்தம் குறையும். "நானாச் சொல்ல மாட்டன், மகள்" என்றார். "ஆனா அவர் கேட்டா மறைக்கவும் மாட்டன்." சுகந்தி, அவர் ஏன் கேட்கப் போகிறார் என்று சொல்லி எழுந்தார்.

சாமான் சேர்க்க மாரி முடிந்து நெல் வெட்டும்வரை ஆனது. கதவுகளும் அலுமாரியும் துறைமுகத்தில் இடித்த பழைய உத்தியோகத்தர் வீடுகளிலிருந்து வந்தவை. அலுமாரிக்குள் கப்பல் அறையில் கழற்றிய பித்தளைக் கொளுக்கிகளைப் பூட்டினேன். மேசைக்குச் சல்லி மேசை அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. சாய்மனைக் கதிரைதான் அகப்படவில்லை. படத்தில் இருந்தது கைப்பிடி நீண்ட பெரிய கதிரை. அப்படி ஒன்று எங்கும் கிடைக்கவில்லை. ஒருநாள் முதலாளி கிண்ணியாவிலிருந்து ஒன்றைச் சிறிய லொறியில் ஏற்றி வந்தார். பிரம்பு புதிதாகப் பின்னியிருந்தது. யாருடையது என்று கேட்டேன். "வாப்பாட" என்றார். தகப்பனின் கதிரை என்றதும் அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எல்லாவற்றின் கால்களையும் வழக்கம்போல ஒரு விரல் அறுத்து மட்டம் பார்த்தேன். தம்பலகாமத்துக்குக் கொண்டுபோய், சுகந்தி கீறிய இடத்தில் இம்மியும் பிசகாமல் வைத்தோம். மெழுகு போட்டுத் துடைத்தோம். வீடு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை.

ஓவசியரைக் கூட்டி வந்தார்கள். நெடிய மனிதர், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பழக்கத்துக்கு ஒரு பேனை. விறாந்தைப் படியில் மகளின் கையை விட்டார். கைத்தடியையும் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். கதவு நிலையைத் தொடாமலே அறைக்குத் திரும்பினார். கட்டிலைச் சுற்றிப் போனார். அலுமாரிக்கு முன்னால் சரியாக நின்றார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அப்பா, எல்லாம் கிடைச்சிட்டுது. எல்லாம் எங்கட சாமான்தான்" என்றார். அவர் தலையை ஆட்டினார்.

பிறகு கதிரையில் இருக்கப் போனார். இருக்கை இருக்கும் என்று நினைத்த இடத்தில் இல்லை. பொத்தென்று விழுந்ததுபோல இருந்தார். முதுகெலும்பு அதிர்ந்தது முகத்தில் தெரிந்தது. மேசையைத் தேடிய கை காற்றில் ஒருமுறை தடவிவிட்டுத்தான் கீழே இறங்கியது. அயல்வீட்டு அம்மா சுடச்சுடத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வாய் குடித்துவிட்டு, எத்தனையோ வருடப் பழக்கத்தில், பேச்சோடு பேச்சாகப் பேணியை மேசையில் வைத்தார். வைத்ததாக நினைத்து விட்டுவிட்டார். பேணி சரிந்து, கொதிக்கிற தேத்தண்ணி அவருடைய மடியிலும் காலிலும் கொட்டியது.

மகள் ஓடிவந்து துடைத்தார். பாதம் சிவந்துபோயிற்று. அவர் எழும்பி, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அறைக்குப் போனார். கட்டிலில் இருக்கப்போய் மறுபடியும் அதே விழுகை. சுகந்தி விறாந்தைக்கு வந்து எங்களிடம் சொன்னார்: "ஏலாது ஹாஜியார். நான் அப்பாவைக் கொண்டு போறன். நெருப்போட, குசினியோட இவரைத் தனிய விட ஏலாது."

இடம் சரி, அளவு சரி, பிழை எங்கே என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஓவசியருக்குப் பக்கத்தில் நின்று, மேசை எங்கே என்று கையால் காட்டச் சொன்னார். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கதிரை எங்கே என்றார். காட்டினார். கட்டில், குசினியில் தண்ணீர்ப் பானை வைத்த வாங்கு, எல்லாம் காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். எல்லா இடத்திலும் அவருடைய உள்ளங்கை சாமானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எல்லா இடத்திலும் ஒரே அளவு, நாலு விரல்.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அவரைக் கேட்டார். "ஐயா, மாரியில உங்கட வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"

"ஓம். வாய்க்கால் முட்டினா உள்ளுக்கு வரும். அதுக்குத்தானே எல்லாத்துக்கும் காலுக்குக் கீழ மூண்டு விரல் கட்டை வைச்சனாங்கள்."

மூன்று விரல் கட்டை. ஒரு பெரிய வெள்ளத்துக்கு வைத்ததை, அடுத்த மாரிக்கும் தேவைதானே என்று எடுக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து வயல் வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தான். சுகந்தி அந்தக் கட்டைகளோடேயே பிறந்து வளர்ந்தவர். அதனால் அவற்றை ஒருநாளும் கண்டதில்லை. படத்தில் பிள்ளைகள் முன்னால் இருந்து கால்களை மறைத்துவிட்டார்கள். மூன்று விரல் அது. நாலாவது விரல் நான் அறுத்தது. வெள்ளம் வருகிற ஊருக்குச் சாமான் கொடுக்கிற நாங்கள், நீளக் கால் வேண்டிய இடத்துக்குக் காலை அறுத்துக் கொண்டுவந்திருக்கிறோம். முதலாளியின் சொந்த வீட்டிலும் நெல் மூட்டைக்குக் கட்டை வைத்துத்தான் இருந்தது. "நம்மளும் வயலுக்குள்ள பிறந்த ஆக்கள்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் ஓவசியர் கேட்டார். "ஹாஜியார், இந்த மேசை ஆர் வீட்டு மேசை?"

சுகந்தி முதலாளியைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார். முதலாளி வாயைத் திறக்குமுன் ஓவசியரே மகள் நின்ற பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, எங்கட வீட்டில மச்சம் புழங்கினதில்லை. இந்த மேசை லாச்சிக்குள்ள கருவாடு மணக்குது. வந்து இருந்த உடனேயே எனக்குத் தெரியும். நீ சந்தோசமாக் கதைச்சாய். அதை ஏன் கெடுப்பான் எண்டு பேசாம இருந்திட்டன்."

நான் அந்த லாச்சியைச் சுண்ணாம்பு போட்டு, வெயிலில் வைத்து, மெழுகு பூசியிருந்தேன். இருந்தும் சல்லிக் கருவாடு போகவில்லை. சுகந்தி நிலத்தில் தகப்பனின் காலடியில் இருந்து அழுதார். அவர் மகளின் தலையைத் தேடிப் பிடித்து, கையை அதிலேயே வைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் முதலாளியைக் கேட்டார். முதலாளி ஒவ்வொன்றாகச் சொன்னார். மேசை சல்லி, ஒரு மீன்காரர் வீடு. அலுமாரி துறைமுகம். கட்டில் மூதூர், ஒரு வாத்தியார் வீடு. கதிரைக்கு வந்தபோது, கிண்ணியா என்று மட்டும் சொன்னார். ஏன் விற்றார்கள் என்று ஓவசியர் கேட்டார். விற்கவில்லை, இருக்கத் தந்தது என்றார் முதலாளி. ஓவசியர் கதிரையின் கைப்பிடியை மெல்லத் தடவினார்.

அன்று பின்னேரமே கடைக்கு ஓடினேன். கப்பலின் சரக்கறை மூடியிலிருந்து கழற்றிய தடித்த தேக்குப் பலகை கிடந்தது. அதை அறுத்து, நடுவில் கால் இறங்கக் குழி குடைந்து, குழிக்குக் கீழே நாலு விரல் நிற்கும்படி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு கட்டையாக விடிய விடியச் செய்தேன். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் தூக்கி வைத்தோம். ஓவசியர் கதிரையில் இருந்தார்; இந்தமுறை விழவில்லை, இருந்தார். தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டு, முகத்தை மகள் பக்கம் திருப்பி ஏதோ கேட்டுக்கொண்டே, பேணியை மேசையில் வைத்தார். மேசையில் டக்கென்று சத்தம் கேட்டது. அவருக்கு அது ஒரு விசயமாகவே தெரியவில்லை, கதையைத் தொடர்ந்தார். சுகந்தி மட்டும் அந்தப் பேணியையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்து வந்த நீண்ட லீவு முடிந்ததும் தனியாகத்தான் நோர்வேக்குத் திரும்பினார்.

ஓவசியர் அந்த வீட்டில் சாகும்வரை இருந்தார். அந்தப் பக்கம் சாமான் பார்க்கப் போனால் நானும் முதலாளியும் எட்டிப் பார்ப்போம். "அந்தோனி, சல்லியில தேத்தண்ணி வைச்சிருக்கிறன், எடுத்துக் குடியுங்கோ. ஹாஜியார், நீங்கள் உங்கட கிண்ணியாவில இருங்கோ" என்பார். உடுப்பைத் துறைமுகத்தில் வைத்தார், மூதூரில் படுத்தார். அயல்வீட்டு அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். ஐயாவுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று என்னிடம் ஒருநாள் இரகசியமாகக் கேட்டார்.

அவர் இறந்த பிறகு சாமான்களை எடுத்துக்கொள்ளும்படி சுகந்தி முதலாளியிடம் சொன்னார். கதிரை கிண்ணியாவுக்குத் திரும்பிப் போனது. அயல்வீட்டு அம்மா கட்டிலைக் கேட்டு எடுத்துக்கொண்டார். அலுமாரியை வாங்க ஒருவர் கடைக்கு வந்தபோது, முதலாளி அது தம்பலகாமத்து ஓவசியர் வீட்டு அலுமாரி என்று சொன்னார். துறைமுகத்து அலுமாரி அல்லவா என்று நான் காதுக்குள் சொன்னேன். "அது அதுக்கு முந்தி" என்றார்.

மேசையை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது அது பாலையூற்றில் என் வீட்டுக் குசினியில் இருக்கிறது. உப்புவெளி விடுதிக்காரர் போன கிழமை அதைத் தேடி வந்தார். எத்தனை வருடப் பழசு என்றார். ஓவசியர் வீட்டு மேசை என்றேன். அவர் கேட்டதற்கு அது விடையில்லை என்று எனக்கும் தெரியும். மனைவி கட்டையான ஆள். வெங்காயம் வெட்டினால் தோள் நோகிறது, கட்டையைக் கழற்றுங்கள் என்று வந்த நாளிலிருந்து சொல்கிறாள். அவள் சொல்வது நியாயம்தான். எங்கள் வீட்டுக்குள் எந்த மாரியிலும் தண்ணீர் வந்ததில்லை.

நாலு கட்டையும் அப்படியே இருக்கின்றன.